மாண்புமிகு உறுப்பினரின் சின்ன வீடு

ஒரு மொழியே தெரியாதவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. அவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். நன்றாகத் தெரிந்தவர்களாலும் ஆபத்தில்லை. யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். உலகத்தில் நடக்கிற விபரீதங்களுக்கெல்லாம் காரணம், ஆறு மாதம் படித்தவர்கள். நான் இத்தாலிய மொழியை ஆறு மாதம் படித்தேன்.

ஏன் இத்தாலியன் என்று கேட்பீர்கள். பிரெஞ்சு வகுப்பில் இடம் கிடைக்கவில்லை. (இதைவிட உயர்வான காரணம் ஒன்றைக் கண்டுபிடிக்க இன்றுவரை முயன்று கொண்டிருக்கிறேன்.) அப்போது கரோல் பாக்கில் ஒரு துணி ஏற்றுமதி நிறுவனத்தில் எனக்கு வேலை. சாயங்காலம் மெட்ரோ பிடித்து வகுப்புக்குப் போவேன். ஆசிரியை எலேனா, பாதியை வாயாலும் மீதியைக் கையாலும் பேசுபவர். ஆறு மாத முடிவில் எனக்கு இத்தாலிய மொழியில் காப்பி கேட்க வரும், வழி கேட்க வரும், என் அத்தையின் பென்சில் மேசைக்கு அடியில் இருக்கிறது என்று சொல்ல வரும். அதற்கு மேல் யாராவது பேசினால், சிரித்துக்கொண்டே தலையாட்ட வரும். இந்த நான்கையும் வைத்துக்கொண்டு, என்னை மொழிபெயர்ப்பாளர் என்றே நான் நம்பத் தொடங்கியிருந்தேன்.

நான் நம்பியதுகூடப் பரவாயில்லை. அப்பாவும் நம்பிவிட்டார்.

அப்பாவுக்கு மத்திய அரசில் வேலை. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் வீடு. தில்லிக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகியும் சங்கரன்கோவில் பேச்சு அவர் நாக்கைவிட்டு இறங்கவே இல்லை. தில்லித் தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்திய திரைப்படக் குழுவுக்கு அவர்தான் செயலாளர். மாதம் ஒரு வெளிநாட்டுப் படம் பார்ப்பார்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோர் பதவியில் இருக்கும் அல்லது ஓய்வுபெற்ற அண்டர் செக்ரட்டரிகள். நகைச்சுவைக் காட்சி வந்தால் உடனே சிரிக்க மாட்டார்கள். மூத்தவர் யாராவது முதலில் சிரிக்கிறாரா என்று திரும்பிப் பார்த்து, மேலிடத்து ஒப்புதல் கிடைத்த பிறகுதான் சிரிப்பார்கள்.

குழுவுக்கு ஒரே ஒரு குறை, சொந்தமாக இடம் இல்லை. ஒவ்வொரு மாதமும் ஒவ்வொருவர் வீட்டுச் சுவரில் படம் ஓட்டி, அந்த வீட்டுப் பெண்களின் சாபத்தை வாங்கிக்கொண்டிருந்தார்கள். லோதி ரோடு பக்கம் ஓர் அறக்கட்டளைக் கட்டடத்தில் ஓர் அறை காலியாக இருந்தது. அதைக் குழுவுக்கு வாங்கித் தரக்கூடியவர் ஒரே ஒருவர்தான். கோவைப் பக்கத்திலிருந்து வந்து தில்லியிலேயே தங்கிவிட்ட ஒரு முன்னாள் எம்.பி. அவரைக் குளிர்விக்க, டிசம்பர் மாத விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார் அப்பா.

அந்த மாதம்தான் எலேனாவின் தந்தை கிறிஸ்துமஸைக் கழிக்க மகளிடம் வந்து சேர்ந்தார். பெயர் அத்திலியோ. ஊரில் அவர் ஒரு சிரிப்பு நடிகர்.

இத்தாலியில் கிறிஸ்துமஸ் சமயத்தில், நம் ஊரில் தீபாவளிக்குப் படம் வருவதுபோல, சிரிப்புப் படங்கள் வருமாம். விருந்து சாப்பிட்ட வயிறோடு குடும்பம் குடும்பமாகத் தியேட்டருக்குப் போவார்களாம். படத்தில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு பெரிய மனிதர், அவர் மனைவி, மனைவிக்குத் தெரியாத ஒருத்தி, நிறையக் கதவுகள். விமர்சகர்கள் வருடாவருடம் திட்டுவார்கள். மக்கள் வருடாவருடம் போவார்கள். அந்தப் படங்களில் தப்பான நேரத்தில் கதவைத் திறக்கிறவராகவே காலம் பூராவும் நடித்தவர் அத்திலியோ. ஒரே ஒரு படத்தில்தான் கதாநாயகன். அதன் குறுவட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே தில்லிக்கு வந்திருந்தார்.

எலேனா வீட்டில் அந்தப் படத்தை, திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்துகளின் உதவியோடு பார்த்தேன். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், கட்சிக் கூட்டம் என்று மனைவியிடம் புளுகிவிட்டு, பனிமலையில் இருக்கும் தன் குட்டி வீட்டுக்குத் தொலைக்காட்சியில் ஆடும் நடனக்காரியோடு போகிறார். அதே வீட்டில், தன் கட்சிக்கும் துரோகம் செய்து, எதிர்க்கட்சித் தலைவரோடு ரகசியப் பேரம் பேசவும் ஏற்பாடு செய்திருக்கிறார். திடீரென்று மனைவி வந்து நிற்கிறாள். அலமாரிக்குள் நடனக்காரி, கட்டிலுக்கடியில் எதிர்க்கட்சித் தலைவர். அவ்வளவுதான் கதை.

ஆனால் அந்த மனிதரின் முகம்! வாசல் மணி அடித்தால் முதலில் அவர் காது கேட்கும். அப்புறம் புருவம் கேட்கும். அப்புறம் முழங்கால். மூளைக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் நமக்கு வயிறு வலிக்க ஆரம்பித்துவிடும். யாரையும் அடிக்காமல், யாரையும் கேலி செய்யாமல், தன்னையே தட்டில் வைத்துப் பரிமாறுகிற நடிப்பு. இப்படியும் ஒருவரால் சிரிக்க வைக்க முடியுமா என்று எலேனாவின் சோபாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா துள்ளி எழுந்தார்.

"ஏட்டி கோமதி, படத்தையும் ஆளையும் சேத்துக் கூட்டியாந்திருவோம்! நேர்ல நடிகரைப் பாத்தா எம்.பி. அசந்துருவாரு. அவுக பேசுதத நீ தமிழ்ல சொல்லிருவேல்லா?"

"எலேனா மேடம் இங்கிலீஷ்ல சொல்லுவாங்கப்பா. நான் அதைத் தமிழ்ல சொல்லிடறேன்."

"அச்சா, அச்சா. எப்படியோ எம்மவ மேடையில நிக்கணும்."

விழா ஞாயிற்றுக்கிழமை மதியம். காலையில் எலேனாவிடமிருந்து செய்தி வந்தது. தில்லியின் டிசம்பர் காற்று அவர் தொண்டையை மொத்தமாகப் பறித்துக்கொண்டுவிட்டது. விழாவுக்கு வருவாராம், ஆனால் ஒரு வார்த்தை பேச முடியாதாம். அந்த நேரத்தில் எந்தப் புத்தியுள்ள பெண்ணும், "அப்பா, என்னால் முடியாது" என்று சொல்லியிருப்பாள். நான் கண்ணாடி முன் நின்று பட்டுப் புடவை மடிப்பைச் சரிசெய்து, "பரவால்லப்பா, நானே பாத்துக்கறேன்" என்றேன்.

வாடகை மண்டபம் நிறைந்திருந்தது. சமோசா வாசனையும் பாச்சை உருண்டை போட்ட ஸ்வெட்டர் வாசனையும் கலந்து வீசின. முன்வரிசையில் முன்னாள் எம்.பி., வெள்ளை வேட்டியும் அதற்கு மேல் கறுப்புக் கோட்டும் பெரிய மீசையுமாக. பக்கத்தில் அவர் மனைவி ருக்மணி அம்மா. அதற்கடுத்து, போனை விட்டுக் கண்ணெடுக்காத அவருடைய உதவியாளர். அப்பா வரவேற்புரையில் மூச்சுக்கு ஒரு தடவை "மாண்புமிகு உறுப்பினர் அவர்கள்" என்றார். (முன்னாள் என்ற சொல்லை மரியாதைக்காக விழுங்கிவிட்டார்.) கேட்டுக் கேட்டு, மாண்புமிகு உறுப்பினர் என்றாலே முன்வரிசை மீசைதான் என்று மண்டபம் முழுவதற்கும் பதிந்துவிட்டது.

அத்திலியோ மேடை ஏறினார். குட்டையான உருவம், பெரிய மூக்கு, சிவப்புக் கழுத்துக்குட்டை. நான் பக்கத்தில் மைக்கோடு. எலேனா எதிரே இரண்டாவது வரிசையில்.

இத்தாலியில் நாடாளுமன்ற உறுப்பினரை "ஓனோரேவொலே" என்பார்கள். மாண்புமிகு என்றுதான் பொருள். அத்திலியோ முன்வரிசையைப் பார்த்துக் குனிந்து, ஓனோரேவொலேக்கு வணக்கம் என்றார்.

"மாண்புமிகு உறுப்பினருக்கு என் வணக்கம்," என்றேன் நான்.

கைதட்டல். எம்.பி. எழுந்து கும்பிட்டார். இன்னும் கைதட்டல். அந்தச் சத்தத்துக்கு நடுவே அத்திலியோ ஏதோ ஒரு வாக்கியம் சொன்னார். என் காதில் விழவில்லை. "இனி நான் நடித்த படத்தில் வரும் உறுப்பினரைப் பற்றிச் சொல்கிறேன்" என்பதுதான் அந்த வாக்கியம் என்று அப்புறம் எலேனா சொல்லித் தெரிந்தது. முக்கியமாக இருந்தால் திரும்பச் சொல்வார் என்று விட்டுவிட்டேன்.

அவர் தொடர்ந்தார். அதிசயமாக, எல்லாச் சொல்லும் எனக்குப் புரிந்தது. எல்லாம் வகுப்பில் படித்த சொற்கள். மனைவி, வீடு, மலை, பொய். மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மாண்புமிகு உறுப்பினருக்கு அருமையான ஒரு மனைவி இருக்கிறார்."

ருக்மணி அம்மா கூச்சத்தோடு சிரித்தார்.

அத்திலியோ அடுத்து "கசெத்தா" என்றார். வீடு என்றால் கசா. குட்டி வீடு என்றால் கசெத்தா. மூன்றாம் பாடம். ஒரு நொடிகூடத் தயங்காமல் மைக்கில் சொன்னேன்:

"மாண்புமிகு உறுப்பினருக்கு மலைமேல் ஒரு சின்ன வீடும் இருக்கிறது."

(தமிழ் தெரிந்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. அன்று அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தமிழ் தெரியும், மேடையில் நின்ற ஒருத்தியைத் தவிர.)

பின்வரிசையில் யாரோ 'களுக்'கென்றார்கள். ஒப்புதல் வாங்காமலே அண்டர் செக்ரட்டரிகள் சிரிப்பது அதுதான் முதல் தடவை. ஆகா, நம் மொழிபெயர்ப்பு எடுபடுகிறது என்று என் குரல் உயர்ந்தது. தன் அப்பாவின் ஒரு வாக்கியத்தை நான் விட்டதைக் கவனித்திருந்த எலேனா, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்கும் வீசினார். அந்த அம்மாள் சாதாரணமாகப் பால் வாங்கும்போதே அப்படித்தான் வீசுவார். பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"கட்சிக் கூட்டம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அவர் அந்தச் சின்ன வீட்டுக்குப் போவார். அங்கே தொலைக்காட்சியில் ஆடும் ஒரு பெண் காத்திருப்பாள். பாவம், மனைவிக்கு எதுவும் தெரியாது!"

"பாவம்" என்ற சொல்லை நானாகச் சேர்த்தேன். உணர்ச்சி வேண்டாமா?

மண்டபம் அதிர்ந்தது. அப்போதுதான் அப்பாவைப் பார்த்தேன். மேடை ஓரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு முன்வரிசையைப் பார்த்தேன். எம்.பி.யின் மீசை துடித்துக்கொண்டிருந்தது. ருக்மணி அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டு, கணவரைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னது என்ன என்பது, வாசல் மணிக்கு அத்திலியோ விழிப்பதைப் போல, எனக்கு மெதுவாக உறைத்தது. முதலில் காது. அப்புறம் முழங்கால்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று படியிறங்கி ஓடினேன். அவர்கள் இருவருக்கும் முன்னால் குனிந்து, கைகளைக் கூப்பி நின்றேன். கூப்பிய கைகளுக்கு நடுவில் மைக் இருந்தது. அதை அணைக்கவில்லை.

அவர்கள் என்னைக் கவனிக்கவே இல்லை. ருக்மணி அம்மா கணவரிடம் மிக மெதுவாகக் கேட்டார். மண்டபத்தின் நான்கு மூலையிலிருந்தும் அது கேட்டது.

"ஏனுங்க, போன மாசம் கமிட்டி மீட்டிங்குன்னு முசூரிக்குப் போனீங்களே. அதுதானுங்களா இந்தச் சின்ன வீடு?"

"அட, சும்மா இரு புள்ள. நாலு பேரு பாக்கறாங்க."

"நான் கமிட்டி ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டனுங்க. அப்படி மீட்டிங்கே இல்லைன்னு சொல்லிப்போட்டாங்க. இத்தன நாளா வாயத் தெறக்காம இருக்கறனுங்க."

எம்.பி.க்கு வியர்த்துவிட்டது. டிசம்பர் தில்லியில் ஒருவருக்கு வியர்த்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

"சத்தியமா பொம்பள வெவகாரம் இல்லம்மா. நான் ஒரு தலைவரப் பாக்கப் போனேன்."

"நம்ம தலைவரு நம்ம ஊர்லதானுங்களே இருக்கறாரு?"

"நம்ம தலைவரு இல்ல." அவர் மனைவியின் காதருகே குனிந்தார். மைக்கும் அங்கேதான் இருந்தது. "அந்தக் கட்சித் தலைவரு. தை பொறந்ததும் அங்க போயிரலாம்னு பேசிட்டு வந்திருக்கறேன். வெளிய மூச்சு விட்றாத."

"விட்றாத... றாத..." என்று ஒலிபெருக்கி அதை வழிமொழிந்தது.

சமோசாத் தட்டு ஒன்று எங்கோ கீழே விழுந்தது. உதவியாளர் முதல்முறையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினார். பிறகு அதே போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினார். எம்.பி. என் கையிலிருந்த மைக்கைப் பார்த்தார். அந்தப் பார்வையை வர்ணிக்க எனக்கு எந்த மொழியும் போதாது.

ருக்மணி அம்மா மட்டும் நெஞ்சில் கை வைத்து நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"இவ்வளவுதானுங்களா? கட்சிதான் மாறுறீங்களா? நான் என்னமோ ஏதோன்னு ஒரு மாசமா ராத்திரி தூக்கமில்லாம கெடந்தனுங்க. நீங்க எத்தன கட்சி வேணும்னாலும் மாறிக்கோங்க. ஆளு மாறாதீங்க."

அந்த அம்மாளுக்குக் கோபம் இல்லை, கண்களில் நீர் நின்றது. மண்டபத்தில் ஒருவருக்கும் சிரிப்பதா, எழுந்து போவதா என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வெடித்தது.

இந்த இடத்தில்தான் அத்திலியோ மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

அவருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. ஆனால் எதிரே வேர்த்துப்போன கணவன், கண்கலங்கிய மனைவி, அழுகிற இளம்பெண். இந்தக் காட்சியில்தானே அவர் தன் ஆயுளையே கழித்திருக்கிறார்! வந்ததும் என்னை மெல்ல ஓரமாக நகர்த்தினார். கழுத்துக்குட்டையை அவிழ்த்து மீசையைப்போல் மூக்கின் கீழ் பிடித்துக்கொண்டார். அப்படியே எம்.பி. ஆகிவிட்டார். அந்த நடை, அந்தக் கும்பிடு, கோட்டுப் பித்தானை இழுத்துவிடுவது எல்லாம் அச்சாக. கொஞ்ச நேரம்தானே பார்த்திருக்கிறார், எப்போது கவனித்தார் இதையெல்லாம்?

ருக்மணி அம்மா முன்னால் மண்டியிட்டார். இல்லாத ஓர் அலமாரியைத் திறந்து காட்டினார், உள்ளே யாரும் இல்லை. இல்லாத கட்டிலின் அடியில் குனிந்து பார்த்தார். அங்கே யாரோ இருந்தார்கள்! காலைப் பிடித்து இழுத்தார். வெளியே வந்த பிரமுகரோடு கைகுலுக்கினார், மாலை போட்டார், பிறகு மனைவி பார்ப்பதைக் கவனித்து அதே மாலையை அவசரமாகக் கழற்றி அவருக்குச் சமர்ப்பித்தார். எல்லாம் வெறும் காற்றில். ருக்மணி அம்மா இல்லாத மாலையை வாங்கித் தன் கணவர் கழுத்தில் போட்டார் பாருங்கள், கூரை பிய்த்துக்கொண்டு போனது. எம்.பி.யால் எவ்வளவு நேரம் அடக்க முடியும்? மீசைக்குள்ளிருந்து முதலில் ஓர் இருமல் வந்தது; பிறகு சிரிப்பு. அண்டர் செக்ரட்டரிகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பார்த்தேன். அவர் யாரையும் சின்னவராக்கவில்லை. எம்.பி.யின் மானத்தையும் அந்த அம்மாளின் கண்ணீரையும் தன் தலைமேல் ஏற்றிக்கொண்டு, அசடு நான்தான், என்னைப் பார்த்துச் சிரியுங்கள் என்று நின்றார். அந்த நாட்டு விமர்சகர்கள் ஏன் இவரைத் திட்டினார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். கட்டிலுக்கடியிலிருந்து எதிர்க்கட்சித் தலைவர் வெளியே வந்த காட்சியில், முதலில் சிரித்தது முன்வரிசை மீசை.

படம் முடிந்து சமோசா சாப்பிடும்போது அத்திலியோ என்னிடம் வந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, எனக்காக மெதுவாக, சின்னச் சின்னச் சொற்களாகப் பேசினார். எல்லாம் புரிந்தது. வரவேற்பு நாடகத்தை நீ எழுதினாயா? பிரமாதம். அழுதாயே, அசல் அழுகை. மனைவியாக நடித்தவர் பெரிய நடிகை. மீசைக்காரர் மட்டும் கொஞ்சம் மிகையாக நடிக்கிறார், அடுத்த முறை ஆளை மாற்று.

நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

விழாவுக்கு வந்திருந்த அம்மா, வீடு திரும்பும்போது ஆட்டோவில் எனக்காக அப்பாவிடம் வாதாடினாள். "அவ என்ன தப்பாச் சொல்லிட்டா? வீடு சின்னது. சின்ன வீடுன்னு சொன்னா. நீங்கதான் மூச்சுக்கு மூச்சு மாண்புமிகு, மாண்புமிகுன்னு சொல்லிக்கிட்டுக் கெடந்திய."

அந்த அறை போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தை பிறப்பதற்குள்ளாகவே எம்.பி. கட்சி மாறினார். (ரகசியம் வெளியே வந்தபிறகு அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.) அதற்கடுத்த வாரம் ருக்மணி அம்மா அப்பாவுக்குப் போன் செய்தார். "ஏனுங்கண்ணா, ரூமுக்கு இவருகிட்டச் சொல்லிக் கையெழுத்து வாங்கியாச்சுங்க. அடுத்த படத்துக்கும் உங்க பொண்ணேதான் மைக்ல பேசோணும். நான் மொத வரிசைக்கு வந்துருவனுங்க." அவர் வந்தார். ஆனால் நான் மைக்கைத் தொடவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டில் யார் தாமதமாக வந்தாலும் ஒரே கேள்விதான். அப்பா ஆபீசில் மீட்டிங் என்றால், அம்மா கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே கேட்பாள்: "வீடா, கட்சியா?" அப்பா "கட்சி, கட்சி" என்று கத்தினால்தான் தாழ்ப்பாள் விலகும். பக்கத்து வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி, இது தமிழர்கள் வீட்டுக்குள் நுழையும்போது சொல்லும் மந்திரம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடம் கழித்து, நான் காதலித்த அருண் என்னைப் பெண் கேட்டு வீட்டுக்கு வந்தான். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன்; தமிழ் கொஞ்சம் நொண்டும். பதற்றத்தில் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தான். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று அப்பா கேட்டதற்கு, தன் ஒற்றைப் படுக்கையறை பிளாட்டை மனதில் வைத்துக்கொண்டு, முடிந்தவரை அடக்கமாகச் சொன்னான்:

"அங்கிள், நொய்டாவுல ஒரு சின்ன வீடு வச்சிருக்கேன். கோமதிக்கும் தெரியும். அவ வந்து பாத்திருக்கா. அவளுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

அம்மா காப்பி டம்ளரோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினார். உள்ளேயிருந்து அவர் சிரிக்கிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அருண் வெளிறிப்போய் என்னைப் பார்த்து, "என்ன தப்பாச் சொன்னேன்?" என்றான். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"ஒரு தப்பும் இல்ல மாப்ளே," என்றார். அவர் வாயிலிருந்து மாப்பிள்ளை என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை. "எம்மவளுக்கு ஏத்த ஆளு நீருதான்."